கங்கன் மறைந்திருந்தானா?

ஜூன் 2, ஞாயிறு

இன்று நான் மந்திரவாதி ஆனேன்.

கை வலிக்கிறது. மீதி நாளைக்கு.

ஜூன் 3, திங்கள்

நேற்று எழுதியதை என் வீட்டுக்காரி பேச்சியம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். "காலமெல்லாம் பரோட்டா போட்ட மனுசன் கடைசில மந்திரவாதியா? நல்லாருக்கு. மொதல்ல மாவு மில்லுக்குப் போயிட்டு வாங்க, மந்திரவாதி" என்றாள். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

செண்பகவல்லி டீச்சர் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவர். மாலையில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் என்னைப் போன்றவர்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறார். தினமும் ஒரு வரியாவது எழுதுங்கள் என்று சொன்னவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் சிநேகிதர்களும் பல் டாக்டர் ராஜகனி அம்மாவின் கிளினிக்கில் கூடி ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். வெளிநாட்டில் எப்போதோ உண்டான விளையாட்டாம். அதன் விதிகளை டாக்டரம்மா தமிழில் எழுதி வைத்திருக்கிறார். புதிதாக வாசிக்கிற ஒருவருக்கு அது புரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

இந்த விளையாட்டில் கட்டமும் காயும் கிடையாது. டாக்டரம்மா நடுவர். "நீங்க ஒரு குகை வாசல்ல நிக்கிய, உள்ளே இருட்டு" என்று அவர் சொல்வார். நாங்கள் ஆளுக்கு ஒரு வேடம் எடுத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று தெரியாதபோது பகடை உருட்டுவோம். எதிரிகளுக்கு எல்லாம் டாக்டரம்மா பேசுவார்.

என் ஆள் பெயர் கங்கன். வாள் தூக்கக்கூடாது, கவசம் போடக்கூடாது, ஓங்கி ஒரு அடி விழுந்தால் செத்துப்போவான். அவனிடம் இருப்பது ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். சொன்னதும் அது மனதைவிட்டுப் போய்விடும். மறுநாள் காலையில் மறுபடி உட்கார்ந்து படித்து மனப்பாடம் செய்ய வேண்டும்.

என்னை யாரோ பார்த்து எழுதியதுபோல இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

கங்கன் இன்று தூக்க மந்திரம் போட்டான். அதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

இந்த மேசையில் ஒரு பழக்கம் உண்டு. மந்திரத்தைப் போடுகிறவர் அதற்கான விதியை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். எவரும் அவசரப்படுத்தவில்லை. காவல்காரர்கள் தூங்கிப்போவார்கள் என்று இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மிராந்தா தம்பி துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஆபீஸ் வைத்திருக்கிறவர். விளையாட்டில் அவர் திருடன். அவர் சொன்னார்: "எழுப்பலாம்னு எழுதலையே. அப்ப குண்டு போட்டாலும் எந்திரிக்க மாட்டானுவ."

டீச்சர், "எழுப்ப முடியாதுன்னும் எழுதலையே" என்றார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க என்ன நினைக்கிய?"

எழுதியிருக்கிற ஒன்றுக்கு என்ன அர்த்தம் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கடையில் வேலை முடிந்து தூங்குகிற பையன்களை நினைத்துக்கொண்டு சொன்னேன். "சத்தம் போட்டா எந்திரிக்க மாட்டாங்க. ஆனா ஒரு சொட்டு எண்ணெய் தெறிச்சா எந்திரிச்சிருவாங்க."

டாக்டரம்மா தீர்ப்புச் சொன்னார். சத்தத்துக்கு எழ மாட்டார்கள், வலித்தால் எழுவார்கள். பிறகு எல்லோரும் விரலால் மேசையைத் தட்டி, "நமக்கும் இதுதான், அவங்களுக்கும் இதுதான்" என்றோம். நாளைக்கு எதிரியின் மந்திரவாதி எங்களைத் தூங்க வைத்தாலும் இதே தீர்ப்புதான் செல்லும் என்று அர்த்தம். தட்டிவிட்டால் பிறகு மாற்றுப் பேச்சு கிடையாது.

ஏன் இப்படி அரைகுறையாக எழுதி வைத்தார்கள் என்று கேட்டேன். "அந்தக் காலத்துல நாலு கூட்டாளிகளுக்காக எழுதுனது அண்ணாச்சி. எல்லாத்தையும் எழுதிட்டா நம்ம எதுக்கு?" என்றார் டாக்டரம்மா.

படித்தவர்களுக்கு எழுத்தைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிடும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இங்கே ஒரு டாக்டர், ஒரு முதலாளி, ஒரு டீச்சர் மூவரும் ஒரே வரியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு தலையைச் சொறிகிறார்கள். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 12, புதன்

ரேஷன் கடைப் பலகையில் இன்று பாமாயில் இல்லை என்று எழுதியிருந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு நான்தான் வாசித்துச் சொன்னேன். என்மேல் கோபப்பட்டார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

டீச்சரின் ஆள் ஒரு பூசாரி. அவருக்கு வெளிச்ச மந்திரம் தெரியும். ஒரு பொருளின் மேல் வெளிச்சம் உண்டாகும் என்று விதி சொல்கிறது. குகையில் ஒரு முரடன் கோடாலியோடு வந்தான். மிராந்தா தம்பி டீச்சர் காதில், "அவன் கண்ணுல போடுங்க" என்றார்.

கண் ஒரு பொருளா? அரை மணி நேரம் பேசினோம். டீ ஆறிவிட்டது. மேசையில் குகை மலைகளுக்குப் பதிலாக டாக்டரம்மாவின் பிளாஸ்டர் பல்செட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறோம். மிராந்தா தம்பி அதில் ஒன்றை எடுத்து ஆட்டிப் பேச வைத்தார். "இந்தப் பல்லு பொருளா இல்லியா? பல்லு பொருள்னா கண்ணும் பொருள்தான்."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சரி என்றார். முரடன் கண் தெரியாமல் தடுமாறினான். தட்டினோம்.

ஜூன் 23, ஞாயிறு

எதிரிகளிடமும் ஒரு பூசாரி இருந்தான். அவன் நேராக மிராந்தா தம்பியின் கண்ணில் வெளிச்சத்தைப் போட்டான்.

"டாக்டர், இது என் யோசனை" என்றார் மிராந்தா தம்பி.

"அதனாலதான் நல்லா வேலை செய்யுது" என்றார் டாக்டரம்மா.

அப்படிச் சிரித்தோம். டாக்டரம்மாவை நான் எவ்வளவு மெச்சினாலும் தகும். போன வாரம் எங்களுக்கு அனுகூலமாகச் சொன்னதை இந்த வாரம் எங்களுக்கு எதிராகவும் அப்படியே வைத்திருந்தார். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நான் வாயைத் திறந்து சிரித்தபோது அவர் என் கன்னத்தின் உள்ளே பார்த்துவிட்டார். "அண்ணாச்சி, இப்படி வந்து உக்காருங்க" என்று நாற்காலியில் சாய்த்து லைட்டைப் போட்டார். புகையிலை அடக்குகிற இடத்தில் வெள்ளையாக ஏதோ இருக்கிறதாம். நாளைக்கு வரச் சொன்னார்.

ஜூன் 24, திங்கள்

சின்னத் துண்டு ஒன்று எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். எறும்பு கடித்த மாதிரிதான். இன்று தண்ணீர் லாரி வருகிற நாள். அதனால் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

மிராந்தா தம்பியின் திருடன் செத்துப்போனான்.

கங்கன் புதிதாக ஒரு மந்திரம் கற்றிருக்கிறான். மறைதல். விதி இவ்வளவுதான்: இந்த மந்திரம் பெற்றவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். அவர் எவரையாவது தாக்கும் வரை இது நீடிக்கும்.

அதைத் திருடன்மேல் போட்டேன். ஒரு பள்ளத்தின் மேல் கயிற்றுப் பாலம். அதில் இரண்டு பூதங்கள் வந்துகொண்டிருந்தன. அந்தக் கரையில் வில்லோடு ஆட்கள். கண்ணுக்குத் தெரியாத திருடன் பாலத்தின் முனைக்குப் போய்க் கயிற்றை அறுத்தான். பூதங்கள் விழுந்தன.

"நீங்க இப்ப கண்ணுக்குத் தெரியிறிய" என்றார் டாக்டரம்மா.

"எப்படி? நான் வெட்டினது கயித்த. பூதத்தத் தொடவே இல்ல."

"எதுக்கு வெட்டுனிய?"

"அவனுவ விழட்டும்னு."

"அப்ப அது தாக்குதல்தான்."

"கயித்துக்கு வலிக்குமா டாக்டர்? ரத்தம் வருமா?"

விதியை நான் இரண்டு முறை வாசித்தேன். மிராந்தா தம்பி எழுந்து நின்று வாதாடினார், உட்கார்ந்து வாதாடினார், தண்ணீர் குடித்துவிட்டு வந்து வாதாடினார். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் சொன்னார். கை தொட்டாலும் தொடாவிட்டாலும், ஒருவரைக் காயப்படுத்த வேண்டும் என்று செய்தால் அது தாக்குதல். மறைவு போய்விடும்.

மிராந்தா தம்பிதான் முதலில் மேசையைத் தட்டினார். பிறகு அம்புகள் வந்தன.

சால்னா குறைந்துவிட்டது என்று தட்டை உடைத்தவர்களைக் கடையில் பார்த்திருக்கிறேன். இவர் பல மாதம் வளர்த்த ஆள் செத்துக் கிடந்தான். இவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "வெள்ளைத் தாள் ஒண்ணு குடுங்க டீச்சர். அடுத்த ஆளு படைவீரன். மறைஞ்சு நிக்கிற சோலியே வேண்டாம்" என்றார். எப்பேர்ப்பட்ட மனிதர்.

ஜூலை 4, வியாழன்

பேச்சியம்மாள் கேட்டாள். "பொயல டப்பா எங்க? மூணு நாளா காணும்."

"டாக்டரம்மா வேண்டாம்னாங்க."

"நான் கல்யாணம் ஆன நாள்லருந்து வேண்டாம்னேன்."

"நீ டாக்டர் இல்லியே."

அதற்கு அவள் சொன்னதை எழுத எனக்குத் தெரியும். ஆனால் எழுதவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

இன்று கங்கனின் நாள். மெதுவாக எழுதுகிறேன், ஒன்றும் விட்டுப்போகக்கூடாது.

பூமிக்குக் கீழே ஒரு பெரிய மண்டபம். நடுவில் பள்ளம். பள்ளத்தில் எலி மனிதர்கள் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே படிக்கட்டில் அவர்களுடைய வில்லாளிகள் இரண்டு பேர். எதிர்ச்சுவரில் ஒரு வெள்ளி மணி தொங்கியது. அதைத் தேடித்தான் நாங்கள் ஒரு மாதமாக அலைகிறோம். படைவீரன் போனால் கவசம் சத்தம் போடும். பூசாரிக்கு ஓட வராது. கங்கன் தன்மேல் மறைதல் மந்திரத்தைப் போட்டுக்கொண்டு தனியாகப் போனான்.

சுவரோரம் நடந்தேன். மணியைக் கழற்றித் துண்டில் சுற்றினேன். திரும்பும் வழியில் ஒரு மதகு இருந்தது. பின்னால் ஏரித் தண்ணீர் நிற்கிறது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். எலி மனிதர்கள் எங்களைத் துரத்தி வந்துவிட்டால்? மதகைத் திறந்தேன். தண்ணீர் பாய்ந்தது. பள்ளம் நிறைந்தது. அத்தனை பேரும் மூழ்கிப்போனார்கள்.

டாக்டரம்மா காலண்டர் அட்டையை மடித்து முன்னால் நிறுத்தி வைத்திருப்பார். அதற்குப் பின்னால்தான் அவருடைய பகடைகள். கொஞ்ச நேரம் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க மறைஞ்சேதான் இருக்கிய அண்ணாச்சி. வில்லாளிகளுக்கு ஒண்ணும் தெரியல. வெளிய வந்துட்டிய" என்றார்.

விதியை வாசிக்கத் தாளைக் கையில் எடுத்திருந்தேன். தேவையில்லை என்று கை காட்டிவிட்டார். அவ்வளவு தெளிவான விஷயமாக இருந்திருக்கிறது.

மிராந்தா தம்பி ஒரு போன் பேச வேண்டும் என்று வெளியே போனார். அவருடைய போன் மேசைமேலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் படியில் சும்மா நின்றுகொண்டிருந்தார். "நல்லா விளையாடுனிய அண்ணாச்சி" என்று என் தோளைத் தட்டினார். டீச்சர் தன் பங்குக் கேக்கையும் என் தட்டில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

மந்திரவாதி என்றால் இப்படி இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பேச்சியம்மாளிடம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். "எலி பாவம்" என்றாள்.

ஜூலை 15, திங்கள்

டாக்டரம்மா கூப்பிட்டிருந்தார். டெஸ்ட் ரிசல்ட் வந்துவிட்டது. கெட்ட கட்டிதானாம். ஆனால் ஆரம்பம். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டால் போதும், தள்ளிப்போடக்கூடாது என்றார். "சனிக்கிழமையே வந்திருச்சு அண்ணாச்சி. ஞாயித்துக்கிழம விளையாட வந்த எடத்துல சொல்ல எனக்கு வாய் வரல. டீச்சர்ட்டயும் மிராந்தாட்டயும் மட்டும் முன்னாலயே சொல்லிட்டேன். தப்பா நெனைக்காதிய."

நான் எதற்குத் தப்பாக நினைக்கப்போகிறேன்.

வரும் வழியில் அரைக் கிலோ சின்ன வெங்காயம் வாங்கினேன்.

ஜூலை 16, செவ்வாய்

பேச்சியம்மாளிடம் சொன்னேன். கழுவி வைத்த பாத்திரங்களை எல்லாம் இறக்கி மறுபடியும் கழுவினாள்.

ஜூலை 18, வியாழன்

காலையில் வேறு வேலை இல்லாததால் மறைதல் மந்திரத்தின் விதியை எடுத்து வாசித்தேன். இப்போது எழுத்துக்கூட்டாமல் வாசிக்க வருகிறது. அவர் எவரையாவது தாக்கும் வரை இது நீடிக்கும்.

மிராந்தா தம்பி கயிற்றை அறுத்தார். நான் மதகைத் திறந்தேன். அவர் பூதத்தைத் தொடவில்லை. நான் எலி மனிதர்களைத் தொடவில்லை. அவர் ஆள் செத்தான். என் ஆள் மணியோடு வெளியே வந்தான்.

நெடுநேரம் இரண்டுக்கும் வித்தியாசம் தேடினேன். எனக்கு அனுகூலமாக ஒன்று கிடைத்தால் நல்லது என்றுதான் தேடினேன். கிடைக்கவில்லை.

அன்று எவரும் விதியை வாசிக்கவில்லை. எவரும் வாதாடவில்லை. மேசையைத் தட்டவும் இல்லை. மிராந்தா தம்பி வாதாடாமல் ஒரு ஞாயிறு போயிருக்கிறது, எனக்கு அது உறைக்கவே இல்லை. சந்தோஷத்தில் காது அடைத்திருக்கிறது.

கடைக்குச் சின்னப் பிள்ளைகள் வந்தால் சின்னதாக ஒரு பரோட்டா தட்டிப் போட்டுக் கொடுப்பேன், காரம் இல்லாத சால்னாவோடு. பிள்ளைகளுக்கு அது பெரிய ஆள் சாப்பாடு என்றே தோன்றும். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அன்பாகத்தான் சிரிப்பார்கள்.

எனக்கு அந்தப் பரோட்டாவைப் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 19, வெள்ளி

அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால் இப்படியே விட்டால் இனி நான் என்ன செய்தாலும் கங்கன் சாகமாட்டான். சாகாத ஆளை வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பது பார்வையாளனாக உட்கார்ந்திருப்பதுதான். எனக்கு அந்த மேசையில் இடம் வேண்டும்.

"போகாம இருந்தா என்ன?" என்றாள் பேச்சியம்மாள். "அடுத்த வெள்ளிக்கிழம ஆப்பரேசன வச்சிக்கிட்டு."

"அதனாலதான் இந்த ஞாயித்துக்கிழம போகணும்."

"எலியக் கொன்ன பாவத்துக்கா?"

ஏறக்குறைய அதுதான் என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

டீ வந்ததும் சொன்னேன். "டாக்டரம்மா, போன வாரத் தீர்ப்ப மறுபடி பாக்கணும்."

"எதுக்கு? நீங்க ஜெயிச்சிட்டியளே."

"அதான்."

தாளை எடுத்து வாசித்தேன். எல்லோரும் கேட்கும்படி. வாசித்து முடித்ததும் கேட்டேன். "நான் மதக எதுக்குத் தொறந்தேன்?"

நானே சொன்னேன். "எலி மனுசங்க முங்கிச் சாவட்டும்னு தொறந்தேன். அப்ப அது தாக்குதல். மறைவு போயிருக்கணும். வில்லாளி பாத்திருக்கணும்."

மிராந்தா தம்பி குறுக்கே வந்தார். "இல்ல அண்ணாச்சி. கயித்த அறுத்தா அந்த நிமிசமே விழுவான். தண்ணி மெதுவாத்தான் ஏறும். எலிக்கு நீந்தத் தெரியும். நீந்தாம செத்தது எலி செஞ்ச தப்பு."

"தம்பி, உங்க ஆளு செத்த அன்னிக்கு இதவிட நல்லா வாதாடுனிய."

"அன்னிக்கு எனக்காகப் பேசுனேன். இன்னிக்கு..." என்று நிறுத்திவிட்டார்.

டீச்சர் சொன்னார். "மதகு பழசா இருந்திருக்கும். தானா தொறந்திருக்கலாம்ல?"

"நான்தான் தொறந்தேன் டீச்சர். ரெண்டு கையாலயும் புடிச்சுத் தொறந்தேன்."

இப்படி ஒரு வழக்கை நான் பார்த்ததில்லை. கங்கனைச் சாகடிக்க நான் வாதாடுகிறேன். அவனைக் காப்பாற்ற, அந்தத் தீர்ப்பால் சொந்த ஆளை இழந்த மனிதர் வாதாடுகிறார். தண்ணீருக்குத் தானாகப் பாயும் குணம் உண்டு, மதகு வெறும் சாட்சி என்றார். எலி மனிதர்கள் கங்கனைக் கண்டிருந்தால் கொன்றிருப்பார்கள், ஆகவே தற்காப்பு என்றார். அவர் சொல்லச் சொல்ல எனக்கே அவர் பக்கம் சாய்ந்துவிடலாம் போலத் தோன்றியது. அவ்வளவு நல்ல வாதம். ஆனால் ஒவ்வொரு வாதத்துக்கும், "அப்ப கயிறு?" என்று கேட்டேன். உடனே அவர் அடுத்த வாதத்துக்குத் தாவினார்.

கடைசியில் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "வெள்ளிக்கிழம ஆப்பரேசனுக்குப் போறிய. இப்ப எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்?"

சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"கட்டி என் வாய்லதான் இருக்கு டீச்சர்" என்றேன். "கங்கன் வாய்ல ஒண்ணும் இல்ல. அவன் நல்லாத்தான் இருக்கான். அவனுக்கு எதுக்குச் சலுக?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "போன வாரம் நான் இந்த நாற்காலில நடுவரா உக்காரல அண்ணாச்சி" என்றார். பிறகு மிராந்தா தம்பியைப் பார்த்து, "உங்களுக்கு ஒரு நாயம், இவருக்கு ஒரு நாயம்னு ஆக்கிட்டேன். நீங்களாவது சண்ட போட்டிருக்கலாம்லா" என்றார்.

"நான் எப்படி டாக்டர் போடுவேன்?" என்றார் மிராந்தா தம்பி.

"இனிமே போடுங்க தம்பி" என்றேன் நான்.

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். "ஒருத்தரக் காயப்படுத்தணும்னு செஞ்சா அது தாக்குதல். கயிறா இருந்தாலும் சரி, தண்ணியா இருந்தாலும் சரி. கங்கன் மறைவு போயிருச்சு. படிக்கட்டுல நிக்கிற ரெண்டு வில்லாளியும் அவனப் பாக்குறாங்க."

நான் தட்டினேன். டீச்சர் தட்டினார். மிராந்தா தம்பியின் விரல் காற்றில் நின்றது, பிறகு அதுவும் விழுந்தது. நமக்கும் இதுதான், அவங்களுக்கும் இதுதான்.

டாக்டரம்மா காலண்டர் அட்டையை மடக்கிக் கீழே வைத்தார். எல்லோர் கண்முன்னும் பகடையை உருட்டினார். முதல் அம்பு சுவரில் பட்டது. மனதுக்குள், ஓடு கங்கா, ஓடு என்றேன். இவ்வளவு வாதாடிவிட்டு அப்படி நினைத்தேன். இரண்டாவது அம்பு கங்கன்மேல் பட்டேவிட்டது.

கங்கன் தண்ணீரில் விழுந்தான். துண்டில் சுற்றிய வெள்ளி மணியும் அவனோடு போய்விட்டது.

பிறகு மிராந்தா தம்பி, "மணியும் போச்சா? உங்க நேர்மையில எங்க ஒரு மாசச் சோலியும்லா முங்கிட்டு?" என்றார். நிஜமான கோபம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னம் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

"சிரிக்காதிய. எழுதுங்க" என்று வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார். "புது ஆளு. இந்தத் தடவயாவது மதகு கிதகுன்னு தொடாத ஆளாப் பாத்து எடுங்க."

புது ஆளின் குணங்களுக்காகப் பகடையை உருட்டினேன். பலம் இல்லை, வேகம் இல்லை, பக்தி மட்டும் நிறைய விழுந்தது. பூசாரிதான் ஆக முடியும். பெயர் பிறகு யோசிக்க வேண்டும்.

கங்கன் நல்லவன். துணிச்சல்காரன். எலி மனிதர்கள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான்.

ஜூலை 25, வியாழன்

நாளைக்குப் பாளையங்கோட்டை. பேச்சியம்மாள் இரண்டு பை கட்டியிருக்கிறாள். ஒன்றில் முழுக்கத் துண்டுகள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பேசக்கூடாது. கஞ்சி மட்டும். முழுவதும் எடுத்தாகிவிட்டது என்று சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும்.

பேச வேண்டியதை எல்லாம் எழுதிக் காட்டுகிறேன். நர்சுக்கு என் கையெழுத்து புரிகிறது. தாகமாக இருக்கிறது என்று எழுதினேன், தண்ணீர் வந்தது. இது எந்த மந்திரத்துக்குக் குறைச்சல்?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வீடு. டாக்டரம்மா பார்க்க வந்தார். இன்னும் சில வாரம் இவர் பேசக்கூடாது என்று பேச்சியம்மாளிடம் சொன்னார்.

"நல்ல வைத்தியமால்லா இருக்கு. கூடக் கொஞ்ச நாள் நீட்டிக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்டாள் பேச்சியம்மாள். அவர் போன பிறகு உள்ளே போய் அழுதாள். எனக்குக் கேட்டது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மேசைக்குத் திரும்பினேன். கன்னம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. பேச்சு குழறுகிறது, அதனால் பேனாவும் துண்டுத் தாள்களும் கொண்டுபோனேன். என் பூசாரியின் பெயர் அப்பாவு.

போன உடனே ஒரு பூதம். படைவீரன் கீழே விழுந்துவிட்டான். அப்பாவுவுக்குத் தெரிந்த மந்திரம் அன்னம் படைத்தல். விதியை டீச்சர் எனக்காக வாசித்தார். பத்துப் பேருக்குப் போதுமான உணவு தோன்றும்.

எங்கே தோன்றும் என்று எழுதவில்லை. என்ன சூட்டில் என்றும் எழுதவில்லை. இதை நான் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே யோசித்து வைத்திருந்தேன். தாளில் எழுதித் தள்ளினேன்: "பூதத்தின் தலைக்கு நேர் மேலே. சால்னா. அண்டாவோடு. கொதிக்கக் கொதிக்க."

மிராந்தா தம்பி அதை வாசித்துவிட்டு எழுந்து நின்றார். "இது அநியாயம் டாக்டர். அன்னம் படைக்கிறது திங்கதுக்கு. இத விட்டா அடுத்த வாரம் இந்த மனுசன் கல்யாணப் பந்தியவே தூக்கி எறிவாரு."

நான் எழுதினேன்: "கண்ணில் வெளிச்சம் போடலாம், தலையில் சால்னா ஊற்றக்கூடாதா?"

"அது வேற, இது வேற அண்ணாச்சி. வெளிச்சத்துக்குக் கனம் இல்ல. அண்டாவுக்குக் கனம் உண்டு. விதில அண்டான்னு எங்க இருக்கு, காட்டுங்க."

டீச்சர் என் பக்கம் வருவார் என்று பார்த்தேன். "பூசாரி சாமிகிட்ட அன்னம் கேக்காரு. சாமி யார் தலையிலயும் ஊத்தாது" என்றார். எனக்கு எழுத்து சொல்லித் தந்தவர்.

எழுதி எழுதித் தள்ளினேன். தாள் தீர்ந்துவிட்டது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்திலும் எழுதினேன். மிராந்தா தம்பி ஒவ்வொன்றையும் உரக்க வாசித்து, ஒவ்வொன்றையும் கிழி கிழி என்று கிழித்தார். டாக்டரம்மா கடைசி வரை கேட்டுவிட்டுச் சொன்னார். உணவு பூசாரியின் முன்னால் தரையில் தோன்றும், இலையில், சாப்பிடுகிற சூட்டில்.

தட்டினோம். பத்துப் பேருக்கு அன்னம் தோன்றியது. பூதம் அத்தனையையும் உட்கார்ந்து சாப்பிட்டது. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துவிட்டு அப்பாவுவை அடித்தது.

கடைசி வரை ஒருவர்கூட என் பக்கம் பேசவில்லை.